கமீலாட வலக்கை

கிருபாமலர்: ...இல்ல ஸகியா, தேத்தண்ணி வேணாம். கமீலாட கரண்டியையும் விரல் பழக்கின மஞ்சாடிக் கொட்டையையும் எடுத்துப் போகத்தான் வந்தன்.

ஸகியா: இரிங்க மிஸி. மவுத்தான ஊட்டுக்கு வந்து வெறும் வாயோட போறதா?

கிருபாமலர்: ஏழாம் நாள் கத்தம் ஓதக்குள்ள வரல்லயெண்டு கோவமா?

ஸகியா: வந்திருந்தா என்ட புருசன்ட உம்மா என்னென்ன கதைச்சிருப்பாவோ... வராம விட்டது நல்லம்.

கிருபாமலர்: மீராசா எங்க?

ஸகியா: உம்மாட ஊட்ட போயிட்டாரு. புள்ள பாக்கத் தெரியாதவளோட இரிக்க ஏலாதாம்.

கிருபாமலர்: நீங்க ஒண்டும் சொல்லல்லயா?

ஸகியா: என்னத்தச் சொல்ற? பக்கத்து ஊட்ட போகக்குள்ள கதவு பூட்ட மறந்தது நான்தானே. வெள்ளம் வடிஞ்சும் முன்னால தோணா வாய்க்கால் நிரம்பிக் கிடந்த... புள்ள இழுத்து இழுத்து நடந்துபோய் உழுந்துட்டா.

கிருபாமலர்: அண்டைக்குக் காலையில தானாத் திண்டாவா?

ஸகியா: ஓம். நீங்க தும்புக்கயிறு சுத்தித் தந்த கரண்டியால. பாதிச் சோறு மடியில... தீத்தப் போனா என்ட கையத் தட்டி உடுறா.

கிருபாமலர்: பொறந்ததிலிருந்து மடங்கிக் கிடந்த கை.

ஸகியா: அந்தக் கரண்டிய மட்டும் கேக்காதீங்க மிஸி.

கிருபாமலர்: ...சரி, வச்சுக்கங்க. எனக்கும் இனி அது தேவப்படாது. ஊடு ஊடாப் போய்ப் புள்ளகளுக்குக் கை பழக்குறத விட்டுட்டன். ஆசுபத்திரியில மருந்து கட்டுறதோட சரி.

ஸகியா: அப்ப பக்கத்து வளவு றாஹிலாட மகள்? அவளுக்கும் கை வராதே. உங்களத்தானே பாத்துக்கிட்டு இரிக்கா.

கிருபாமலர்: வேற ஆரும் பழக்கட்டும்.

ஸகியா: வேற ஆரு இரிக்கா இந்த ஊர்ல?

கிருபாமலர்: ஸகியா... அடுப்படிக்குப் போறதெண்டாலும் கொளுக்கி போட்டுட்டுப் போற ஆள் நீங்க.

ஸகியா: அண்டைக்கு மறந்துட்டன் எண்டுதானே...

கிருபாமலர்: மறக்கல்ல. பலகையில கொளுக்கி அடிச்சு, அத எப்பிடிக் கழட்டுறதெண்டு அவளுக்குப் பழக்கினது நான். மையத்து எடுத்த அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. வாய் துறந்து சொல்லப் பயம்.

ஸகியா: சொல்லவும் வேணாம். இனியும் சொல்லாதீங்க.

கிருபாமலர்: எனக்காகவா இந்தப் பழிய ஏத்துக்கிட்டீங்க?

ஸகியா: ஊருக்குத் தெரிஞ்சா றாஹிலா மகள உங்கட கையில தருவாவா? ஆருதான் தருவாங்க?

கிருபாமலர்: அவதான் கழட்டினா எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க ஊட்ட இல்லயே.

ஸகியா: ...இருந்தன் மிஸி. பாத்துக்கிட்டுத்தான் நிண்டன். விரல் வழுக்கி வழுக்கி... கழட்டிட்டு என்னத் திரும்பிப் பாத்துச் சிரிச்சா. எனக்குச் சந்தோசத்துல கண்மண் தெரியல்ல. நான்தான் முன்கதவுக் கொளுக்கியத் திரும்பப் போட்டன். இரி மகள், றாஹிலா மாமிக்கும் காட்டுவம் எண்டு சொல்லிட்டுப் பின்வாசலால ஓடினன். றாஹிலா ஊட்ட இல்ல... திரும்பி வரக்குள்ள முன்கதவு துறந்து கிடந்த.