பிரமாணிக்கம்

இல்லக்கா, நான் இந்த வண்டியில ஏறல. போவட்டும். நீயும் ஏறலியா? தங்கச்சி வரணுமா? அப்ப இப்டி நெகந்து குந்து, அங்க வெயில் அடிக்குது.

இன்னா பாக்குற? கண்ணா? ஆமா, அயுது அயுது செவந்து கீது. காலைலேர்ந்து அப்டித்தான். ஜொரமெல்லாம் இல்லக்கா. பயம்.

ஆமா, ஆஸ்பத்திரிலேர்ந்துதான் வரேன். சானடோரியம் ஸ்டேஷன்ல குந்திகினு ஒருத்தி அயுதா, வேற எங்கேர்ந்து வந்திருப்பா? வூட்டுக்காரரு அங்கதான் கீறாரு. சவுரிமுத்துன்னு பேரு. லாரி ஓட்றவரு, பம்பாய், நாக்பூர்னு போனாருன்னா வூட்டுக்கு எப்ப வருவாருன்னு தெரியாது. மொதல்ல இருமல்தான். அப்புறம் சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. டிபின்னு சேத்தோம். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, டிபி மட்டும் இல்லம்மான்னுட்டாங்க. இன்னான்னு நீயே புரிஞ்சிக்க. எய்ட்ஸுன்னு வாயால சொல்லவே பயமா கீது... பாரு, சொல்லிட்டேன்.

நெகந்துட்ட பாத்தியா. பரவால்லக்கா, கோவமெல்லாம் இல்ல. நானும் அப்டித்தான் நெகந்தேன். தொட்டா வராது, ஒரே தட்டுல துன்னாக்கூட வராதுன்னு அங்க கீற மேடம் படிச்சுப் படிச்சு சொன்னாங்க. புரிஞ்சுது. தலைக்குப் புரிஞ்சுது. அவரு குடிச்ச டம்ளர எடுக்கறச்ச, இந்தக் கை கீதே, அதுக்குத்தான் புரியமாட்டேங்குது.

நான் யாரு தெரியுமா? எங்க கோயில்ல அன்பியம்னு ஒண்ணு கீது. தெருக்காரங்க எல்லாம் வாராவாரம் ஒரு வூட்ல கூடி ஜெபம் பண்ணுவோம். யாரு வூட்லனா நோவு, சாவுன்னா மொத ஆளா நான் போய் நிப்பேன். அயுவாதம்மா, நாம வுட்டாலும் ஆண்டவரு நம்மள வுடமாட்டாரு, அவரு இரக்கம் வத்தவே வத்தாதுன்னு சொல்லுவேன். ஒப்புக்கு சொல்லலக்கா, மெய்யாலுமே நம்பித்தான் சொன்னேன். இப்ப எனக்கு அத சொல்றதுக்கு ஒரு ஆளு எட்டிப் பாக்கல. அவங்களுக்கும் பயம், இன்னா பண்ணுவாங்க.

எங்கண்ணன்தான் வந்துச்சு. எத்திராஜ். கல்யாணத்துக்காக நான் ஞானஸ்நானம் வாங்கினேன்னு அத்தினி வருசமா பேசாத இருந்த ஆளு. விசயம் கேள்விப்பட்டு ஓடி வந்துச்சு. ஒன்ன ஏமாத்தினவனுக்கு இன்னாத்துக்கு இன்னும் கஞ்சி ஊத்திகினு கீற, காட்டாங்குளத்தூருக்கு வந்துடு கன்னியம்மா, கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன்னுச்சு. அது சொன்னதுல இன்னா தப்பு? எனக்கு மட்டும் கோவம் இல்லியா? வார்டுல நாலு பேரு பாக்க கேட்டேன், எவகிட்ட போனேன்னு. அவரு செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கினாரு. முதுகு எலும்பு எலும்பா தெரிஞ்சுது. அதுக்கு மேல எங்க கேக்கறது.

கல்யாணத்தன்னிக்கு பீடத்துக்கு முன்னாடி ஒரு சொல்லு குடுத்தேன்க்கா. நோவு வந்தாலும் பிரமாணிக்கமா இருப்பேன்னு. அர்த்தமா? எனக்கே அப்பத் தெரியாது. ஃபாதர் சொல்லச்சொல்ல திருப்பிச் சொன்னேன். அப்புறமா போய் கேட்டேன். குடுத்த சொல்லு மாறாம நிக்கிறதும்மா, மனுசனுக்கு அது கஸ்டம், ஆண்டவருக்கு அதான் சுபாவம்னாரு. உங்க சாமியப் பத்தியும் அப்டித்தான சொல்வாங்க?

இவரு மாறிட்டாரு. நானும் மாறிட்டா சரிக்கு சரி. யாரு கேக்கப்போறாங்க?

கோயில் வாசப்படி மிதிக்காத மனுசன்க்கா அவரு. நான் டம்ளர் கயுவிட்டு வரப்போ கேக்குது, கண்ண மூடிகினு முணுமுணுத்துகினு கீறாரு. எனக்கு இன்னா வேணா குடு ஆண்டவரே, அவளுக்கு வேணாம், அவளுக்கு மட்டும் வேணாம்னு. எனக்கும் ரத்தம் எடுத்தாங்கல்ல. தெனமும் அவருக்கு அதே கேள்விதான், உன் ரிப்போர்ட்டு வந்துச்சா, வந்துச்சான்னு. வரலன்னு சொன்னா அந்த மூஞ்சிய பாக்க முடியாது.

அந்தாண்ட பாரு, செங்கல்பட்டு வண்டி வருது. அதுல ஏறினா நேரா அண்ணன் வூடு. அதுல ஏறத்தான் வந்தேன். வந்து வந்து போவுது, நான் இங்கியே குந்திகினு கீறேன்.

என்துவா? வந்துடுச்சுக்கா. காலைலயே குடுத்துட்டாங்க. எனக்கு இல்லியாம்.

இன்னொரு தபா பாக்கணும்னாங்க, ஆனா மேடம் சிரிச்சுகினேதான் சொன்னாங்க. அவரு கேட்டத ஆண்டவரு அப்டியே குடுத்துட்டாரு பாரு. சந்தோசப்படணும்ல? எனக்கு அங்கதான் பயம் புடிச்சுது. எனக்கும் வந்திருந்தா எங்க போறது, ரெண்டு பேரும் ஒண்ணா கெடந்திருப்போம். இப்ப நான் போலாம்க்கா. தாராளமா போலாம். அவருகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா சந்தோசத்துல அயுவாரு. அயுதுட்டு, அப்ப நீ உங்கண்ணன் வூட்டுக்குப் போயிடு கன்னின்னுவாரு. சரின்னு சொல்லிடுவேனோன்னுதான் பயமா கீது.

அது உன் தங்கச்சியா, கைய ஆட்டுதே? போக்கா, போய்ட்டு வா. இல்ல, இரு... ஒரே நிமிசம். நான் அந்தப் படி ஏறி ஆஸ்பத்திரி பக்கம் எறங்குற வரைக்கும் இங்கியே பாத்துகினு நில்லு. திரும்பி வந்தேன்னு வய்யி, போடி அந்தாண்டன்னு தொரத்து.