கடலை மறைத்த கொட்டகை

வெயில் ஏறுது, தெரியும். நாளைக்கு அந்த ரிசார்ட் கம்பெனிக்காரங்க வந்து, நம்ம கரையில கட்டடம் கட்ட உங்க சம்மதத்தைக் கேக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதையை உங்க காதுல போட்டுட்டுப் போயிடறேன்... சிரிக்கிற கதை இல்ல.

தெக்கே ஒரு கடற்கரை ஊர். ஆறு கடல்ல சேர்ற இடம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் வெள்ளை மணல். அங்க பிலோமினான்னு ஒரு அம்மா, ஓலைக் கொட்டகை போட்டுச் சோறு வித்தாங்க. புருஷன் பேரு கஸ்பார். காலையில அவரு வள்ளத்துல கொண்டு வர்ற நண்டு, மத்தியானம் இந்த அம்மா சட்டியில கொதிக்கும். தேங்காயும் மிளகும் அம்மியில அரைச்சு... வாசனை ரோடு வரைக்கும் வரும். காரை நிறுத்திச் சாப்பிட்டவங்க போன்ல படம் எடுத்துப் போட்டாங்க. அப்புறம் என்ன, வேன் வேனா கூட்டம்.

அந்தக் கூட்டத்தைப் பாத்து ஒரு கம்பெனி வந்துச்சு. ஊரைக் கூட்டினாங்க. கம்பெனி ஆள் என்ன சொன்னாரு தெரியுமா? "உங்க சாப்பாடும் உங்க கடலும்தான் எங்களுக்கு மூலதனம். உங்களை விட்டா எங்களுக்கு என்ன இருக்கு?"

கஸ்பார் மட்டும் எந்திரிச்சாரு. "வள்ளம் ஏத்துற கரை எங்களுக்கு அப்படியே இருக்குமா சார்?"

"அதெல்லாம் பேசிக்கலாம் அண்ணாச்சி."

பேசிக்கலாம்னா என்ன அர்த்தம்? பேச மாட்டோம்னு அர்த்தம். ஆனா புருஷன் சட்டையைப் பிடிச்சு உக்கார வச்சது யாரு? பிலோமினாதான். "நம்ம பிள்ளைங்க பிழைக்கட்டும், சும்மா இரும்"னாங்க.

கட்டடம் வந்துச்சு. கொட்டகை போச்சு. ஏன்? ரூம்ல இருந்து பாத்தா கடலை மறைக்குதாம். அந்த அம்மாவுக்கு உள்ளேயே சமையல் வேலை குடுத்தாங்க. காரத்தைக் குறைங்கன்னாங்க, குறைச்சாங்க. மணல்ல வள்ளம் கிடந்தா பார்வைக்கு நல்லா இல்லையாம். சுத்தி வேலி, முன்னால கருங்கல் தடுப்பு. வள்ளக்காரங்க முகத்துவாரம் வழியா ஆத்துக்குள்ள போய்க் கரையேறணும்.

ஆடி மாசம், ஒரு சாயங்காலம். காத்து திடீர்னு கெட்டுப்போச்சு. முகத்துவாரத்துல வள்ளம் நுழைய முடியல. ரிசார்ட் மாடியில விருந்தாளிங்க தட்டும் கையுமா நின்னு அலையை ரசிக்கிறாங்க. பிலோமினா குழம்போட மேல வந்தாங்க. ஒருத்தர் போனை நீட்டிக்கிட்டே சொல்றாரு... "அந்தப் படகைப் பாருங்கம்மா, எவ்வளவு அழகா ஏறி இறங்குது."

பாத்தாங்க. புருஷன் வள்ளம் பொண்டாட்டிக்குத் தெரியாதா?

சட்டியை அங்கேயே வச்சுட்டு ஓடினாங்க. வேலிக்கு வெளியே ஊர்க்காரங்க கயிறோட நிக்கிறாங்க. கதவு பூட்டியிருக்கு. காவலாளிகிட்ட கேட்டாங்க.

"தொறங்கண்ணே. வேற வழியில்ல, பழைய கரைக்குத்தான் வர்றாரு."

"மேனேஜரைக் கேக்கணும்மா."

"கேளுங்க... சீக்கிரம் கேளுங்க."

மேனேஜர் போனை எடுக்கல. ஊர்க்காரங்க பூட்டை உடைச்சு உள்ள வர்றதுக்குள்ள வள்ளம் கருங்கல்லுல மோதி உடைஞ்சுபோச்சு. கஸ்பாரோட உடம்புதான் கரைக்கு வந்துச்சு.

கம்பெனி மலர்வளையம் அனுப்புச்சு. பெரிசா, நல்ல ரோஜாப்பூ.

பிலோமினா வேலையை விட்டுட்டாங்க. ஆனா அங்க சாப்பாட்டு அட்டையில அவங்க சிரிச்ச படம் இன்னும் இருக்கு. பக்கத்துல எழுதியிருக்கு, 'பிலோமினா நண்டுக் குழம்பு'. நண்டு எங்கிருந்து வருது? ஐஸ் பெட்டியில, வெளியூர்ல இருந்து. அந்த அம்மா போய், "என் படத்தை எடுத்துடுங்க சார்"னு கேட்டாங்க. "அதுதாம்மா எங்க அடையாளம்"னுட்டாங்க.

சொந்தங்களே... ஊர் பாக்க வர்றவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. வரட்டும். நம்ம சோத்தைத் தின்னு, நம்ம கடலைப் பாத்து, மனசு நிறைஞ்சு போகட்டும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. அவங்களுக்குக் கடல் ஒரு காட்சி. காட்சியை விக்கிறவனுக்கு, அதுல நிக்கிற நீங்களும் நானும் இடைஞ்சல். நம்ம ருசி வேணும், நம்ம பேரு வேணும், நம்ம சிரிப்பு வேணும்... நாம வேணாம்.

நாளைக்கு வர்றவங்களுக்கு மோர் குடுங்க, மரியாதையாப் பேசுங்க. ஆனா கரையை மட்டும் விட்டுக்குடுத்துடாதீங்க. கடல்ல தொழில் பண்றவனுக்குக் கரைதான் வாசல். வாசலை வித்துட்டு, வீட்டுக்குள்ள எந்த வழியா வருவீங்க?