ஒன்பது வோல்ற் தேடிய நான்கு நாட்கள்

“உது அதில்லை, புள்ள. ஓட்டை ஒண்டுதான், வாற கரண்ட் வேற. கழட்டு.”

“பிளக் வடிவாப் பொருந்துதே அக்கா!”

“பொருந்தினாப் போல? என்ர செருப்பும் உனக்குப் பொருந்தும். அதுக்காக மறுகா நீ கோணேஸ்வரியா?”

எங்கள் அன்புக்குரிய கோணேஸ்வரி அக்கா! இருபத்திரண்டு வருடங்களாக, நெய்தல் அரங்கின் பின்சுவரில் உயரே ஒட்டிய சிறு கண்ணாடி அறையிலிருந்து எங்கள் மேடைக்கு விடியலையும் அந்தியையும் அனுப்பிக்கொண்டிருந்தவரே! போன ஒக்ரோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, உங்கள் உதவியாளர் நிசாந்தினிக்கு நீங்கள் சொன்ன இந்த வார்த்தைகளோடுதான் உங்கள் பிரியாவிடை மடல் தொடங்கவேண்டும் என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். உங்கள் சேவை முழுவதையும் எழுதினால் இந்த மடலின் சட்டகத்துக்குள் அடங்காது. அந்த நான்கு நாட்களை மட்டும் சொல்கிறோம்.

அன்று காலை, மேடை விளக்குகள் அத்தனையையும் இயக்கும் எங்கள் பழைய லைற்றிங் டெஸ்க் விழிக்கவேயில்லை. ஞாயிறு கச்சேரிக்கு வந்த குழுவினர் தங்கள் சுருதிப்பெட்டியை உங்கள் அறையில் சார்ஜ் செய்ய வைத்திருந்தார்கள். இரண்டு அடப்டர்களும் கறுப்பு. இரண்டுக்கும் ஒரே அளவு பிளக். அவர்கள் புறப்பட்டபோது டெஸ்க்கினுடையதை எடுத்துக் கொடுத்து, சுருதிப்பெட்டியினுடையதை வைத்துக்கொண்டவர்கள் நாங்கள்தான். மேலாளர் வினோதன் தொலைபேசியில் பிடித்தபோது குழு சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கத்தைய கரண்ட் இங்கத்தையதைவிட இரண்டு மடங்கு; சுவரில் சொருகியதும் அடப்டரிலிருந்து புகை வந்ததாம். “மன்னிச்சுக்கோங்க சார், சுருதிப்பெட்டி மட்டும் தப்பிச்சுது” என்றார்களாம்.

யார் எடுத்துக் கொடுத்தது என்று நீங்கள் கேட்கவில்லை அக்கா. இன்றுவரை கேட்கவில்லை. அதற்காகவே உங்களுக்கு ஒரு தனி மடல் எழுதலாம்.

சனிக்கிழமை நடன மாணவி அட்சயாவின் அரங்கேற்றம். கால் முறிந்து ஒரு வருடம் தள்ளிப்போனது அது. உறவினர்கள் லண்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் புறப்படத் தயாராகிவிட்டார்கள். டெஸ்க்கைச் செய்த நிறுவனமோ மூடிப் பல வருடங்கள். வாடகைக்குக் கிடைத்த புதிய டெஸ்க்குகளை எங்கள் பழைய விளக்குகள் ஏற்றுக்கொள்ளவில்லை. “இந்த ஒருக்கா ரியூப் லைற்றோட சமாளிப்பம்” என்றார் வினோதன்.

“அந்தப் புள்ள நடக்கப் பழகி, திரும்ப ஆடப் பழகி வருது. ரியூப் லைற்றில பாத்து அனுப்ப இது என்ன கிளினிக்கா தம்பி?” என்றீர்கள்.

வாட்ஸப்பில் கேட்டோம். நகரின் மில்லிக்கன் பகுதியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஓர் அரிசிப் பை நிறைய முப்பத்தேழு அடப்டர்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் இருந்த பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி பிடித்து வாசித்தீர்கள். எல்லாமே நேரோட்டம், அதாவது டீசி கரண்ட், தருபவை. எங்கள் டெஸ்க்குக்கு வேண்டியதோ ஒன்பது வோல்ற் ஆடலோட்டம், ஏசி கரண்ட். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி மறந்த அந்த வேறுபாடு, ஒரு பெண்ணின் அரங்கேற்றத்தை நிறுத்தக்கூடியது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை பக்கத்து நகரான ஒஷாவாவிலிருந்து பத்மநாதன் ஐயா அழைத்தார். ஆளில்லாத நேரத்தில் அழைப்பை வாங்கிப் பதியும் அவருடைய பழைய தொலைபேசிப் பதிவுக் கருவியின் அடப்டரில் அதே எழுத்துகள்! வினோதனோடு ஓடினீர்கள். “கழட்டுங்கோ தங்கச்சி, பிள்ளையின்ர அரங்கேற்றத்துக்குத்தானே” என்று அவர் சுவரைக் காட்டினார். நீங்கள் கருவியைப் பிரட்டிப் பார்த்தீர்கள். பற்றரி வைக்கும் இடம் துருப்பிடித்துக் கிடந்தது. கரண்ட் நின்றால் உள்ளே இருக்கும் குரல் அழிந்துவிடும்.

“இதில ஆர்ர குரல் இரிக்கு, அண்ணன்?”

அவர் பொத்தானை அமத்தினார். நான்கு வருடங்களுக்கு முன் காலமான அவருடைய மனைவி மங்கையற்கரசி அம்மா பேசினார்: “நாங்கள் வீட்டில இல்லை. அலட்டாமல் விசயத்தைச் சொல்லிப்போட்டு வையுங்கோ.”

“அவ எப்பவும் உப்பிடித்தான்” என்று ஐயா சிரித்தாராம்.

நீங்கள் அந்த அடப்டரைத் தொடவில்லை. கருவியின் பெயரையும் இலக்கத்தையும் மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தீர்கள். கைக்கெட்டியதை விட்டுவிட்டு வந்தீர்களே என்று வினோதன் காரில் வழி நெடுகப் புலம்பினார். “அது ஒரு வீட்டுக்காரி பேசிற மெசின் தம்பி. நமக்கு வேண்டியது பேசாத மெசின்” என்றீர்கள். அதுவரை நாங்கள் டெஸ்க்கின் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருந்தோம். நீங்கள் பழைய தொலைபேசிக் கருவிகளைத் தேடினீர்கள். வெள்ளிக்கிழமை மாலை, பார்க்டேலில் ஒரு பழம்பொருள் கடையின் கீழ்த்தட்டில், அதே கருவி, அதே அடப்டரோடு, யாருடைய குரலும் இல்லாமல் கிடந்தது.

சனிக்கிழமை திரை விலகியது. நீலம் மெல்ல விரிந்து, கடல் ஒன்று மேடைக்கு வந்து படுத்ததுபோல் இருந்தது. அதன் நடுவில் அட்சயா காலை ஊன்றி நின்றாள், ஆடினாள். இரண்டரை மணி நேரம் ஒரு விளக்கும் இமைக்கவில்லை. நன்றியுரையில் அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “கோணேஸ் அன்ரி, பிளீஸ், ஒருக்காக் கீழ வாங்கோ!” என்றாள். சபை திரும்பிப் பார்த்தது. நீங்கள் கை மட்டும் அசைத்தீர்கள். பிள்ளையின் முகம் வாடியது. அடக்கம் என்றாலும் இது கொஞ்சம் கூடத்தான் என்று நாங்கள் கோபித்துக்கொண்டோம்.

சபை கலைந்தபின் மேலே வந்தோம். டெஸ்க்கில் சொருகியிருந்த அந்த அடப்டரின் பிளக் ஒரு மயிரிழை தளர்வு. முதல் உருப்படியிலிருந்து மங்களம் வரை உங்கள் இடது கை அதை அழுத்திப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. விரல்களை விரிக்க முடியாமல், “விட்டா இருண்டிரும் புள்ள” என்றீர்கள்.

பொறுமையின் உருவே! பிறர் முகம் தெரிய இருட்டில் இருந்தவரே! திங்கட்கிழமையே புதிய பிளக் வைத்து, ஈயம் உருக்கிப் பற்றாசு பிடித்தீர்கள்; இன்றும் டெஸ்க் அதிலேதான் இயங்குகிறது. இனி உங்களுக்கு அவசரமில்லாத காலைகள் வாய்க்கட்டும். முழங்கால் நோகாத நடையும், நினைத்த நேரத்தில் வரும் நித்திரையும், நூறு வயதிலும் பொடி எழுத்து வாசிக்கும் கண்ணும் கிடைக்கட்டும்.

ஆனால் அக்கா, உங்களுக்கான இந்த விழாவுக்கும் நீங்களே மேலே இருந்து விளக்குப் போடுகிறீர்கள். நிசாந்தினி உங்கள் கதவடியில் வந்து நிற்கிறாள். அட்சயா மாலையோடு மேடை நடுவில் நிற்கிறாள். நெய்தல் அரங்கின் பணியாளர்களாகிய நாங்கள் அவளோடு சேர்ந்து கேட்கிறோம்: நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கதிரையை நிசாந்தினியிடம் கொடுத்துவிட்டு, ஒருக்காக் கீழே இறங்கி வருவீர்களா?