ஏரிக்கு முதுகு காட்டும் பெஞ்சு

இன்ஜினியர்: நூறு வருஷம் கழிச்சு ஒரு தலைமுறை இந்த ஏரிக்கரைத் தெருவில நடந்து போகும். "இதைத் திட்டம் போட்டவங்க சாதாரண மனுஷங்க இல்ல, காலத்தையே அளந்தவங்க"ன்னு சொல்லி, அப்படியே நின்னு…

அக்கா: சார், கொஞ்சம் காலை எடுங்க. வெட்டி வச்ச பேண்ட் துணி மேல நிக்கறீங்க.

இன்ஜினியர்: ஐயையோ… கவனிக்கல.

தங்கை: பரவால்ல சார். காலத்தை அளக்கறவரு. காலுக்குக் கீழ இருக்கற துணியெல்லாம் அவர் கண்ணுல எங்க படப் போகுது?

அக்கா: நீ அந்தச் சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்து முடி. சார், வரைபடத்தை மேசையில விரிங்க. ஓரத்துல கத்தரிக்கோலை வைங்க, இல்லன்னா சுருண்டுக்கும்.

இன்ஜினியர்: நீங்க போன தடவை சொன்ன ஆட்சேபணையைச் சரி பண்ணியாச்சு. சாக்கடை இனிமே உங்க கடைப் பக்கம் சாயாது.

அக்கா: விளக்குக் கம்பம்?

இன்ஜினியர்: அது அதுக்கு முந்தின தடவையே தள்ளிப் போயாச்சு. மரம் அதுக்கும் முந்தி. தெருவுல எல்லாரும் சம்மதம் சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நீங்களும் சரின்னுட்டா திங்கக்கிழமை பழைய சுவரையெல்லாம் இடிச்சுக் கட்ட ஆரம்பிச்சிடுவாங்க. என் வேலை அதோட முடிஞ்சிது.

அக்கா: முடிஞ்சா அப்புறம்?

இன்ஜினியர்: வேற ஊர்ல ஒரு பாலம்… அங்க போகச் சொல்லி உத்தரவு வந்திருக்கு.

தங்கை: ரொம்பத் தூரமா சார்?

இன்ஜினியர்: ரயில்ல ஒரு ராத்திரி, ஒரு பகல்.

தங்கை: அக்கா… துணியே வைக்காம மெஷினை ஓட்டிட்டிருக்கே.

அக்கா: எண்ணெய் விட்டேன். ஓட்டிப் பாக்கறேன். சார், இப்ப சம்மதம் சொல்ல முடியாது. எனக்கு இன்னொரு ஆட்சேபணை இருக்கு.

இன்ஜினியர்: இருக்கா?

தங்கை: சார் மூஞ்சியைப் பாரு, சம்பளம் ஏறின மாதிரி.

அக்கா: இருக்கு… என்னன்னா… அது வந்து…

தங்கை: ஏரித் தண்ணி ரொம்ப ஈரமா இருக்குன்னு சொல்லேன்.

அக்கா: வாயை வச்சிட்டுச் சும்மா இருடி. …இது என்ன சார், கரையோரமா சின்னச் சின்னக் கட்டம்?

இன்ஜினியர்: பெஞ்சு. ஜனங்க உக்காந்து ஏரியைப் பாக்க.

அக்கா: தடிக் கோடு, முதுகு சாயற பக்கமா?

இன்ஜினியர்: ஆமா.

அக்கா: அப்ப எல்லா பெஞ்சும் ஏரியைப் பாக்குது. எங்க கடைக்கு எதிர்ல இருக்கறது மட்டும் ஏரிக்கு முதுகைக் காட்டுதே?

இன்ஜினியர்: அது… மாற்றுப் பார்வை. நகரத்துக்கும் மனுஷனுக்கும் உள்ள உறவைப் புதுக் கோணத்துல… காத்து வர்ற திசையும் ஒரு காரணம்… நிபுணர் குழுவே உக்காந்து பேசி…

தங்கை: அந்தப் பெஞ்சுல உக்காந்தா என்ன தெரியும் சார்?

இன்ஜினியர்: தெரு.

தங்கை: தெருவுல?

இன்ஜினியர்: கடைங்க.

தங்கை: எத்தனை கடை?

இன்ஜினியர்: …ஒண்ணு.

தங்கை: அக்கா, நான் போய் நூல் வாங்கிட்டு வரேன்.

அக்கா: நூல் பெட்டி நிறைய இருக்கே.

தங்கை: இருக்கட்டும்.

அக்கா: …போயிட்டா. ஊரை விட்டே போறவரு, யாரு உக்கார அதை வரைஞ்சீங்க?

இன்ஜினியர்: வரையும்போது அந்த உத்தரவு வரல. லீவு நாள்ல வந்து உக்காரலாம்னு இருந்தேன். ஊசியில நூல் கோக்க ஜன்னல் பக்கம் ஒரு தடவை நிமிருவீங்க இல்ல… அதைப் பாக்க.

அக்கா: பெஞ்சைத் திருப்பணும்னு நான் ஆட்சேபணை சொன்னா?

இன்ஜினியர்: திருத்தி எடுத்துட்டு நேர்ல வரணும். ஒரு வாரம் ஆகும்.

அக்கா: திருத்தினதும் பிடிக்கலன்னா?

இன்ஜினியர்: திரும்ப வரணும்.

அக்கா: பாலம்?

இன்ஜினியர்: ஆறு எங்கயும் ஓடிடாது.

அக்கா: ஓடறது ஒண்ணுதான் சார் அதுக்குத் தெரிஞ்ச வேலை. …வேணாம். பக்கத்து வீட்டுச் சுவர் இந்த மழைக்குத் தாங்காது. அந்தப் பொம்பளை குழந்தைங்களை வச்சிட்டு என் வாயைப் பாத்துட்டு நிக்கறா. சம்மதம். எங்க கையெழுத்துப் போடணும்?

இன்ஜினியர்: எங்கயும் போட வேணாம்.

அக்கா: ஏன்?

இன்ஜினியர்: கட்டடத்து ஓனர் சொன்னாத்தான் செல்லும். அவர் போன வருஷமே சரின்னுட்டார். வாடகைக்கு இருக்கறவங்க ஆட்சேபணைக்கு எங்க ஆபீஸ்ல இடமே கிடையாது. தெரு வேலையை நிறுத்தி வச்சது நீங்க இல்ல… நான்.

அக்கா: ஓனர் சொன்னது தெரியும். சரின்னு சொல்லுங்கன்னு அவர்கிட்ட சொன்னதே நான்தான். அப்ப உங்களைப் பாத்ததில்ல.