துடைத்த வட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஏல நிறுவனத் தலைவர் அவர்களே, கிடங்குத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணனின் அன்பு மகளே, அனைவருக்கும் வணக்கம்.

அண்ணனின் இரங்கல் கூட்டத்துக்கென்று எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அதில் இருந்தது பாதி உண்மைதான்.

நீலவிளக்கு அண்ணன்! நம் தலைமைப் பரிசோதகரை அப்படித்தானே அழைத்தோம்? பழைய ஒயின் பாட்டில் எது வந்தாலும் அவருடைய நீல விளக்கின் முன் நின்றாக வேண்டும். லேபிள் பளிச்சென்று மின்னினால் அது புதுத்தாள், போலி. இவற்றைக் குடிக்கவா வாங்குகிறார்கள்? பூட்டி வைத்து, விலை ஏறியதும் கைமாற்றுகிறார்கள். திறக்கவே திறக்காத பாட்டிலுக்கு யார் சாட்சி? அண்ணன்தான்! பெட்டியின் மேல் அவர் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டால்தான் அது ஏலத்துக்குப் போகும்.

முப்பது ஆண்டுகளில் ஒரு சொட்டுகூடச் சுவைத்ததில்லை. கேட்டால், "நமக்கு டீ போதும்பா, இதைக் குடிச்சா நெஞ்சு எரியும்" என்பார். ஒருமுறை பெரிய பணக்காரர் ஒருவர், "நான் யாருன்னு தெரியுமா?" என்று குதித்தார். அண்ணன் நிமிரவே இல்லை. "உங்களைத் தெரியும் சார். பாட்டிலைத்தான் தெரியல" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, அவருடைய உதவியாளனான நான் என்ன செய்தேன்?

இரண்டு மாதத்துக்கு முன் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பன்னிரண்டு பாட்டில் கொண்ட ஒரு பெட்டி வந்தது. ஏலப் பட்டியல் அச்சுக்குப் போகும் நாள். தலைவர் போனில், "வட்டம் இருக்காப்பா?" என்று கேட்டார். "இருக்கு சார்" என்றேன். பிறகுதான் சாக்பீஸை எடுத்தேன். விளக்கைத் தொடவே இல்லை.

அண்ணன் திரும்பி வந்தார். கண்காட்சி அறையில், கண்ணாடிக்குப் பின்னால், அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"இதை நான் பாக்கலையேப்பா. வட்டம் யாரு போட்டது?"

"நீங்கதாண்ணே. ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தின நாள். மறந்துட்டீங்க."

என் நாக்கு கூசவில்லை! அவர் என்னை நம்பினார். மறுநாள் விளக்கையும் சாக்பீஸையும் என் மேசையில் வைத்தார். "ஞாபகம் தப்பிடுச்சுப்பா. இனிமே நான் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றே வாரம். மாரடைப்பு.

அண்ணன் மகளே, அம்மா, நேற்று என்னிடம் என்ன சொல்லி அழுதாய்? "கதவைப் பூட்டினேனான்னு அப்பா நாலு நாலு தடவை கேப்பாரு சித்தப்பா. தன்னையே நம்பாம போயிட்டாரு" என்றாயே! அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

தலைவர் அவர்கள் கையைக் காட்டுகிறார்கள், உட்காரச் சொல்கிறார்கள். முடித்துவிடுகிறேன் ஐயா. அந்தப் பெட்டி நாளைக்கு ஏலம் என்பது எனக்கும் தெரியும்.

இன்று காலை நீல விளக்கோடு அந்த அறைக்குப் போனேன். ஒன்பது லேபிள்கள் இருண்டே இருந்தன. மூன்று மின்னின. வட்டத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பெட்டி நாளை ஏலத்துக்குப் போகாது. என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, இந்தச் சபையில் சொல்கிறேன்: விளக்கில் காட்டாமல் இனி ஒரு பெட்டியும் இந்தக் கிடங்கை விட்டு நகர விடமாட்டேன்.

அம்மா, இது அப்பாவின் சாக்பீஸ். என்னிடம் இருக்கக் கூடாது. வாங்கிக்கொள். உன் அப்பா எதையும் மறக்கவில்லை.