கடைசியா மிச்சமிருந்த பாஷை

இல்ல ஃபாதர், இவரப் பாக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இப்படி சோபாவுக்கு வந்துடுங்க. உங்ககிட்ட பேசணும்னுதான் போன் பண்ணேன்.

ஆமா, நான் கோயிலுக்குப் போறவதான். போறவன்னா, இவர் கூட்டிட்டுப் போனதால போறவ. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். எங்க வீட்டுல சாமி கும்புடுறது பல்லு வெளக்குற மாதிரி. காலையில ஒரு கும்புடு, அவ்வளவுதான். அர்த்தமெல்லாம் யாரு கேட்டா? இந்த வெள்ளைக்கார மனுஷன் கேட்டார்.

ரெண்டு பேருக்கும் ஒரே லேப். ஒடம்புல செல்லு எப்படிச் சாகுதுன்னு ஆராய்ச்சி. நான் சேந்த புதுசுல, மைக்ராஸ்கோப்ப விட்டுக் கண்ண எடுக்காம ஒரு சுலோகத்தச் சொல்லி, இதுக்கு என்ன அர்த்தம்னார். தெரியாதுன்னேன். உங்க வீட்டுலயே இருக்கு, தெரியாதான்னு ஆடிப்போயிட்டார். எனக்கு மானம் போச்சு. அப்புறம் என்ன, அவர்கிட்ட அர்த்தம் கேட்டுக் கேட்டே கல்யாணம் வரைக்கும் வந்துடுச்சு. எங்கப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தார். இவர் வந்து கால்ல விழுந்து சமஸ்கிருதத்துல என்னமோ சொன்னார். அப்பாவுக்கு ஒரு எழுத்து புரியல. ஆனா பொண்ணக் குடுத்துட்டார்.

ஏன் மதம் மாறுனார்னு கேக்குறீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க ஃபாதர், உங்களச் சொல்லல. இவங்க ஊரு சர்ச்சுல ஒருத்தர், சின்னப் புள்ளைங்கள உக்கார வச்சு நரகத்த வெவரிப்பாராம். தோலு எப்படி எரியும், எரிஞ்சு முடியாம எப்படித் திரும்பத் திரும்ப எரியும்னு. இவர் படுக்கையிலயே... சரி விடுங்க. அவங்கம்மா வந்து பக்கத்துல படுத்தாத்தான் தூக்கமாம். வளந்து படிச்சு, பெரிய விஞ்ஞானின்னு பேரு எடுத்தப்புறமும் அந்தப் பயம் போகல. அப்பத்தான் நம்மாளுங்க எழுதி வச்சதெல்லாம் கையில கெடைச்சிருக்கு. நரகமே ஆனாலும் ஒரு நாள் முடிஞ்சுடும், மறுபடி பொறக்கலாம், ஆத்மாவுக்குச் சாவே இல்லன்னு. படிச்சுட்டு லேப்புல உக்காந்து ஓன்னு அழுதேன்னு சொல்வார்.

அதுலேர்ந்து எல்லாத்துலயும் பைத்தியம். பாட்டு, சிற்பம், ஒண்ணு விடல. கோயிலுக்குப் போனா ஒரு தூணுகிட்டயே நின்னுடுவார். நான் வெளிய செருப்புக்குக் காவல்.

இங்க இருக்குற இந்து சங்கத்துக்காரங்க விடுவாங்களா? மேடைக்கு மேடை கூட்டிட்டுப் போனாங்க. நாம சொன்னா பழசு, இவர் சொன்னா விஞ்ஞானமாம். ஒவ்வொரு மேடையிலயும் சொல்வார், நான் ஒரு இந்து, செத்தா என்ன எரிச்சுடுங்கன்னு. எல்லாரும் கை தட்டுவாங்க. மனுஷன எரிக்கிறதுக்குக் கை தட்டுன கூட்டத்த நான் அங்கதான் பாத்தேன்.

அப்புறம் இந்த மறதி நோய் வந்துச்சு. மொதல்ல சமஸ்கிருதம் போச்சு. அடுத்து, நான் சொல்லிக் குடுத்த தமிழ். அப்புறம் லேப்புல பேசுன இங்கிலீஷும் போச்சு. அவங்கம்மா பேசுன பாஷை மட்டும்தான் மிச்சம். எனக்கு அதுல ஒரு வார்த்தை வராது. இத்தன வருஷம் கூட இருந்தும் கத்துக்கல பாருங்க. எங்க பாஷையெல்லாம் அவர்தான் கத்துக்கிட்டார்.

ஒரு சாயங்காலம் வழக்கம் போல வெளக்கேத்துனேன். அவரே ஆசையா தேடி வாங்குன வெளக்கு. அதப் பாத்து அலறுனார். போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் ஊதி அணைச்சுட்டேன். அப்பவும் என் கைய விடல. பாத்துக்க வர்ற நர்ஸம்மாவுக்கு அந்த பாஷை தெரியும். என்ன சொல்றார்னு கேட்டா, அவங்க தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. அம்மா, என்ன நெருப்புல போடாத, மண்ணுல வச்சுடுன்னு சொல்றாராம். அம்மான்னது என்னத்தான்.

போட மாட்டேன்னு அந்த பாஷையில எப்படிச் சொல்றதுன்னு நர்ஸம்மாகிட்ட கத்துக்கிட்டேன். தெனம் சொல்லுவேன். சொன்னாத்தான் கண்ண மூடுவார்.

சங்கத்துத் தலைவர்கிட்ட லேசா சொல்லிப் பாத்தேன். அது நோய் பேசுதும்மா, சார் பேசலன்னுட்டார். இருக்கலாம். ஆனா மேடையில நின்னவரும் என் புருஷன்தான், போர்வைக்குள்ள நடுங்குனவரும் என் புருஷன்தான். யாரு பேச்சக் கேக்குறது, சொல்லுங்க. மேடையில நின்னவருக்குப் பயம் இல்ல ஃபாதர். அவர எங்க வச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டார்.

ஐயோ, ஜெபம் பண்ணச் சொல்லிக் கேக்கல. அது உங்க இஷ்டம். சின்ன வயசுல ஞானஸ்நானம் வாங்கியிருக்கார், அது இன்னும் செல்லுமான்னு நீங்கதான் சொல்லணும். உங்க கல்லறைத் தோட்டத்துல ஏதோ ஒரு ஓரமா எடம் குடுத்தாப் போதும்.

இப்பவே ஏன் கேக்குறேனா? காலையில பால் எடுத்துட்டுப் போனேன். அவர் கையத் தொட்டுப் பாத்தா சில்லுன்னு இருந்துச்சு. சங்கத்துல இன்னும் யாருக்கும் சொல்லல. மொதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணேன்.