அதே நாலு மூடி

நன்னாரி சர்பத் இல்லாமல் நான் கரைசல் பாடம் நடத்தியதே இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் என்றாலே வேப்பங்காய். அதனால் ஒரு டம்ளர் சர்பத்தை மேசைமேல் வைத்து, அதில் இன்னொரு டம்ளர் தண்ணீரை ஊற்றுவேன். சர்க்கரை குறைந்துவிட்டதா என்று கேட்பேன். குறைந்துவிட்டது என்று பாதி வகுப்பு கத்தும். சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர்தான் ஏறியிருக்கிறது. முன்பு ஒரு டம்ளரில் குடித்த சர்க்கரைக்கு இனி இரண்டு டம்ளர் குடிக்க வேண்டும் என்பேன். எத்தனை மில்லி என்பது கன அளவு. அதற்குள் எத்தனை கிராம் என்பது நிறை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவன் பரீட்சையில் கோட்டை விடுவான். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

என் மனைவி அருணாதேவிக்கு வயிற்றில் புற்றுநோய். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்றதும் வேங்கிக்கால் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். வலிக்கு மார்பின் கலந்த திரவ மருந்து கொடுத்தார்கள், வேளைக்கு ஒரு மூடி. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் சக்கரவர்த்தி தங்கமான மனிதர். அவர்மேல் ஒரு தவறும் இல்லை.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. அவள் தூங்கினாள். அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. அருணா வாய் ஓயாதவள். கீரைக்காரியிடம் பேரம் பேச ஆரம்பித்தால் தெருவே சிரிக்கும். அவள் பேச, நான் கேட்க, அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது. அந்தச் சத்தம் நின்றதும் வீட்டுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. ஒரு மத்தியானம் கண் விழித்தவள், தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, "யாரு நீங்க?" என்றாள். அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் பாட்டிலில் பாதியைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சேர்த்தேன். சுத்தமான தண்ணீர்தான். சாயங்காலமே விழித்துக்கொண்டாள்.

"ஏங்க, சட்டையில பட்டன் அறுந்து தொங்குது, பாக்கலையா?" என்றாள்.

வலி இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சும் இருந்தது. வலி தாங்கவில்லை என்று டாக்டரிடம் அவளே சொன்னாள். அவர் ஒரு மூடியை இரண்டாக்கினார். பழைய அளவு மருந்தே மறுபடி உள்ளே போனதால் அவள் மறுபடி தூங்கினாள். நான் இன்னும் தண்ணீர் சேர்த்தேன். அவர் நாலு மூடியாக்கினார். நான் அதற்கும் மேலே சேர்த்தேன். புது பாட்டில் எது வந்தாலும் என் கை பட்டுத்தான் அவளிடம் போகும். கடைசியில் அவள் குடித்த நாலு மூடியில், ஆரம்பத்தில் ஒரு மூடியில் இருந்த மருந்துகூட இல்லை.

எந்த ஜென்மத்துப் பாவமோ, என் உடம்புக்கு மருந்தே பிடிக்கவில்லை என்று புலம்புவாள். நான் நெற்றியைத் தடவிக்கொடுப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை, மேடம். எப்போதும் 'ஏங்க'தான். வலி முற்றியபோது, "ராஜமாணிக்கம், ராஜமாணிக்கம்" என்று முனகினாள். ஒரு புருஷனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அவள் என்னை மறக்கக் கூடாது என்று பௌர்ணமிதோறும் மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பௌர்ணமிக்கு, வேலூரில் படிக்கும் எங்கள் மகள் கவிநிலா வந்திருந்தாள். பாட்டிலைக் காட்டி, நாலு மூடி கொடு என்று சொல்லிவிட்டு, செருப்பில்லாமல் கிளம்பினேன். அடி அண்ணாமலைப் பக்கம் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள்.

"அப்பா, கை தட்டி அந்த பாட்டில் கொட்டிப்போச்சுப்பா. பீரோவுல சீல் போட்ட புதுசு ஒண்ணு இருக்குது. அதுல எவ்ளோ ஊத்தட்டும்? அம்மா துடிக்கிறாங்க."

மனக்கணக்குதான், மேடம். என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கூடப் போட்டுவிடுவான். ஒரு மூடி என்று நான் சொல்லியிருந்தால் போதும். ஆனால் நேற்று வரைக்கும் நாலு, இன்றைக்கு ஏன் ஒன்று என்று அவள் கேட்பாள். என் மகள், என்னிடமே வேதியியல் படித்தவள். கேட்ட மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிடும். அவளிடமிருந்து அருணாவுக்குப் போகும். இத்தனை நாள் துடித்ததற்கு நான்தான் காரணம் என்று தெரிந்து, அந்தக் கண்ணால் அருணா என்னைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

"அதே நாலு மூடிதாம்மா," என்றேன்.

கவிநிலா சோறு தொடுவதில்லை. தான்தான் அம்மாவைக் கொன்றதாக உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். கண் மட்டத்தில் மூடியைப் பிடித்துப் பார்த்துத்தான் ஊற்றினேனே, அப்பா என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அப்படிப் பிடித்து அளக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான். அவள் அளந்ததில் ஒரு துளி பிழை கிடையாது. அவளை விட்டுவிடுங்கள். கொன்றது நான்.

போனை வைத்த பிறகாவது திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது, சிக்னலும் இருந்தது. மூடியைத் திறந்து அளந்து ஊற்ற அவளுக்குக் கொஞ்ச நேரமாவது ஆகியிருக்கும். ஆனால் மலை சுற்றும்போது பாதியில் நிறுத்தினால் பலன் போய்விடும் என்பார்கள். நான் நடந்தேன். குபேர லிங்கத்தில் அருணா பெயருக்குக் கற்பூரம் ஏற்றினேன். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான், மேடம், சுற்றி முடித்தேன்.